பழைய மாருதி 800-க்கு சென்டர் லாக்: வீட்டிலேயே போடலாமா?

கோத்தகிரி800 கேட்டது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800. அப்பா புதிதாக வாங்கிய வண்டி, டிஎன் 43 பதிவு, கார்புரேட்டர் எஞ்சின். ஓட்டத்தில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. விற்கும் எண்ணமும் இல்லை.

கதவுப் பூட்டு விஷயத்தில்தான் உங்கள் யோசனை வேண்டும். எங்கள் வீடு அரவேனு பக்கம். ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் வண்டி மேலே ரோட்டோரத்தில் நிற்கும். இருட்டிவிட்டால் தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடு ரோட்டுக்கு ஏறி வரும். சில நாள் கரடியும் நடமாடும். அந்த நேரத்தில் டிரைவர் கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே எட்டிப் பின்கதவைத் திறந்துவிடும் வரை அம்மாவை ரோட்டில் நிறுத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, சட்டென்று நகர முடியாது. ரிமோட்டை அழுத்தினால் நாலு கதவும் ஒன்றாகத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

ஊட்டியில் ஒரு கடையில் விசாரித்தேன். கிட், கூலி எல்லாம் சேர்த்து 4500 ரூபாய் என்றார்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டம் குறையட்டும், அப்புறம் வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்கிறார்கள். அதே மாதிரி கிட் ஆன்லைனில் 1500-க்குக் கிடைக்கிறது. என்னிடம் டிரில் மெஷின், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் இருக்கின்றன. வீட்டு வயரிங் ஓரளவு தெரியும். கார் கதவைப் பிரித்துப் பழக்கமில்லை.

யாராவது நீங்களே போட்டிருக்கிறீர்களா? நம் ஊர்க் குளிருக்கும் மூடுபனிக்கும் இது தாங்குமா? பேட்டரி இறங்கிவிடுமா? வண்டி சில வாரம் ஓடாமல் நிற்பதும் உண்டு.

ஊட்டிடாக்ஸி பதில்:

என் பழைய வண்டியில் கடையில் கொடுத்துத்தான் போட்டேன். மழைக்காலம் வரை நன்றாக வேலை செய்தது. டிசம்பரில் உறைபனி விழ ஆரம்பித்ததும் பின்கதவு இரண்டும் காலையில் திறக்காது. மோட்டார் 'டக்' என்று அடிக்கும், லாக் பாதியில் நிற்கும். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனால் தானாகச் சரியாகிவிடும். நான் இருப்பது தலைகுந்தா பக்கம், அங்கே புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். கோத்தகிரியில் அந்த அளவு இருக்காது. இருந்தாலும் முதல் தடவை கதவைப் பிரிக்கிறவர் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாடி இறங்கும் பாதையில் ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடி போய்விடும்.

குன்னூர்வயர்மேன் பதில்:

தம்பி, தாராளமாக நீங்களே போடலாம். அவசரப்படாமல் ஒரு நாளைக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவன். என் மாருதி எஸ்டீம் காரில் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வண்டிகளிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்காகக் கேட்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊட்டி நண்பர் சொன்ன கோளாறிலிருந்தே தொடங்கலாம். அதில் மோட்டார் மேல் தப்பில்லை. கதவுக்குள் போடுகிற அந்த ஆக்சுவேட்டர் என்பது சின்ன 12 வோல்ட் மோட்டார், இரண்டு மூன்று பல்சக்கரம், ஒரு கம்பி. கரன்ட் ஒரு பக்கம் போனால் கம்பி வெளியே தள்ளும், மாறிப் போனால் உள்ளே இழுக்கும். மொத்த நகர்வே இரண்டு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான். கரன்ட் கிடைப்பதும் ஒரு வினாடிக்குள். அந்தச் சின்ன நேரத்தில், அந்தச் சின்னப் பலத்தில் பூட்டு நகர்ந்தாக வேண்டும். 25 வருடமாகக் கதவுக்குள் கிடக்கும் பூட்டில் பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து புளியங்காய் ஊறுகாய் அடிமண்டி மாதிரி இறுகியிருக்கும். குளிரில் அது இன்னும் இறுகும். கையால் தள்ளும்போது நம் விரல் தன்னை அறியாமல் கூடுதல் பலம் கொடுத்துவிடுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மோட்டாருக்கு அந்தக் கூடுதல் பலம் கிடையாது. பெரும்பாலான கடைகளில் பூட்டைத் தொடாமல் மோட்டாரை மட்டும் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள், அதனால்தான் முதல் குளிரிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே கிட் வாங்குவதற்கு முன்பே நாலு கதவையும் பிரித்துப் பூட்டைச் சுத்தம் செய்யுங்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கு முழுக்க ஒழுகி வெளியேறும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. அது அழுக்கைக் கரைக்கத்தான் உதவும், உயவாக நிலைத்திருக்காது. துடைத்துக் காயவிட்ட பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிசாகப் பூச வேண்டும். அள்ளிப் பூசினால் அதுவே அடுத்த அழுக்குக்கு வீடாகிவிடும். சாவித் துவாரத்தில் மட்டும் கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் பவுடர் போதும்.

பிறகு சோதனை. மத்தியான வெயிலில் சோதித்துத் திருப்தி அடைய வேண்டாம். விடியற்காலையில் வண்டி ராத்திரிக் குளிரில் ஊறி நிற்கும்போது போய், உள்பக்க லாக்கை ஒரே விரலால், விரல் நுனியால் நகர்த்துங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எங்கும் சிக்காமல் போக வேண்டும். அப்படிப் போகிற கதவில் மோட்டார் பல வருடம் ஓடும். போகாவிட்டால் இன்னொரு தடவை சுத்தம் செய்யுங்கள். பூட்டு தேய்ந்திருந்தால் பூட்டையே மாற்றுங்கள். கதவு சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அதை நேர் செய்த பிறகுதான் மற்றதெல்லாம். கதவைத் தூக்கி அடித்துச் சாத்த வேண்டியிருந்தால் அந்தக் கதவு தொங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கதவைப் பிரிப்பது பயப்படுகிற அளவுக்கு இல்லை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாட வடிவத்தில் ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினால் பேட், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டை, கிழியும். ஒரு துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் வெளியே வந்துவிடும். எங்கே தெறிக்கிறது என்று கவனியுங்கள், தேயிலைச் செடிக்குள் விழுந்தால் கிடைக்காது. அப்புறம் கைப்பிடி ஸ்க்ரூக்கள், ஹேண்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், கடைசியில் பேடைச் சுற்றியிருக்கும் கிளிப்புகள். பழைய பிளாஸ்டிக் குளிரில் நொறுங்கும். வெயில் பட்டுச் சூடேறிய பிறகு பிரித்தால் சேதம் குறையும். பேட் கிளிப்பும், லாக் கம்பிகளைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப்பும் முன்கூட்டியே ஒரு கைப்பிடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சின்னக் கிளிப் உடைந்ததற்காக மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருக்கும்.

மோட்டார் மாட்டும் இடத்தைப் பற்றி. பூட்டுக்குப் போகும் கம்பி எந்தத் திசையில் நகர்கிறதோ அதே திசையில், அதே நேர்கோட்டில் மோட்டாரின் கம்பியும் நகர வேண்டும். கோணம் சாய்ந்தால் பலம் வீணாகும். கிட்டோடு வரும் இணைப்புக் கம்பியைத் தேவைக்குக் கொஞ்சம் வளைக்கலாம். நாலைந்து வளைவு வளைத்தால் அது ஸ்பிரிங் போல நெளியும், பூட்டு நகராது. துளை போடுவதற்கு முன் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு மோட்டாரை வைத்துப் பாருங்கள், பிறகு ஏற்றிப் பாருங்கள். கண்ணாடியையோ அதை ஏற்றும் இரும்புக் கையையோ எங்கும் தொடக் கூடாது. ஊட்டி நண்பர் சொன்ன பயம் நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டில், நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு டேப் சுற்றுங்கள். அதற்கு மேல் பிட் உள்ளே போகாது. கிட்டில் வரும் ஸ்க்ரூ நீளமாக இருந்தால் குட்டையானது வாங்கிப் போடுங்கள்.

துளை போட்ட ஒவ்வொரு இடத்திலும் தகட்டின் ஓரத்துக்குச் சிவப்பு பிரைமர் தொட்டு வையுங்கள். இரும்புத் தூளைத் துடைத்து எடுங்கள். நம் மலையில் பெயின்ட் இல்லாத தகடு ஒரு மழைக்காலம் தாங்காது.

கதவின் கீல் மாட்டியிருக்கும் தூணிலிருந்து கதவுக்கு வயர் போவதுதான் பழைய வண்டியில் வேலை வாங்கும் இடம். சில வண்டிகளில் ரப்பர் மூடி போட்ட துளை ஏற்கெனவே இருக்கும், அதை முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் தூணில் ஒன்று, கதவில் ஒன்று துளைக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் நேருக்கு நேர் இருந்தால் கதவு மூடும்போது வயர் மடிந்து நசுங்கும். ஒரு துளை மற்றதைவிட இரண்டு இன்ச் மேலே இருக்கட்டும். இரண்டு துளைக்கும் ரப்பர் குரோமெட், அதாவது விளிம்பை மூடும் ரப்பர் வளையம், கட்டாயம். குரோமெட் இல்லாமல் தகட்டின் விளிம்பில் உரசும் வயர் ஒரு நாள் ஷார்ட் ஆகும், அது எந்த நாள் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் டியூப் போட்டு, கதவை முழுக்கத் திறந்தாலும் இழுபடாத நீளம் விட்டு, நடுவில் லேசாகத் தொங்க விடுங்கள். மழைத் தண்ணீர் வயர் வழியாக உள்ளே ஓடாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

இப்போது தண்ணீர். கதவுக்குள் தண்ணீர் வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வரும். கண்ணாடிக்கும் வெளி ரப்பருக்கும் நடுவில் இறங்கி, கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும், கதவை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்த அடி ஓட்டைகளை ஒரு கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை அவசரத்தில் கிழித்து எறிந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. எனக்கு இதைப் பார்த்தால் கோபமே வரும். அந்த ஷீட் போனால் பேட் அட்டை நனைந்து உப்பும், வண்டிக்குள் பூஞ்சை வாடை வரும், வயர் இணைப்புகள் பச்சை பூக்கும். கத்தியால் பசையைச் சீவி மெதுவாகப் பிரித்து எடுத்து வையுங்கள். கிழிந்திருந்தால் கனமான பாலிதீன் ஷீட்டை அதே அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப் என்கிற பிசுபிசுப்பான ரப்பர் டேப்பில் ஒட்டுங்கள். கீழ் ஓரம் கதவின் உள்ளே மடங்கி இருக்க வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும்.

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே வேண்டாம். மூடுபனியில் அந்தப் பசை இளகிக் கழன்றுவிடும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இணைப்புகளை முடிந்தவரை கதவுக்குள் வைக்காமல் டேஷ்போர்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோல் பாக்ஸும் அங்கேதான், தரை விரிப்புக்குக் கீழே வேண்டாம். மெயின் பாசிட்டிவ் வயரை நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கிட்டில் கொடுத்திருக்கும் ஆம்பியரைத் தாண்டிப் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பேட்டரியைக் கேட்டீர்கள். பூட்டித் திறப்பதற்கு ஆகிற கரன்ட் பெரிய விஷயமே இல்லை. ரிமோட் எப்போது கூப்பிடும் என்று காத்துக்கொண்டிருக்கும் ரிசீவர்தான் இருபத்துநாலு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து அளந்து பாருங்கள். 15 மில்லி ஆம்பியர் என்று வந்தால் ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர் ஹவர், முப்பது நாளைக்கு 10.8. உங்கள் வண்டியில் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இருந்தால் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். குளிரில் பேட்டரியின் பலமும் குறைந்திருக்கும். வாரம் ஒரு தடவை கட்டபெட்டு வரை ஓட்டிவிட்டு வந்தால் கவலையில்லை. மாதக் கணக்கில் நிற்கும் என்றால் ரிசீவருக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மோட்டார் மாட்டிய பிறகும் கையாலும் சாவியாலும் பூட்டு முன்போலவே திறக்க வேண்டும். 2019 ஜூலையிலிருந்து புது கார்களில் மின்சாரம் இல்லாவிட்டாலும் சென்டர் லாக்கைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்துவிட்டார்கள். நம் பழைய வண்டிக்கும் அதே கவனம் வேண்டும், அதிலும் மலைப்பாதையில் ஓடுகிற வண்டிக்கு. நல்ல ஆக்சுவேட்டரின் கம்பியைக் கையால் தள்ளினாலும் எளிதாக நகரும். வாங்கியதும் முதலில் அதைப் பாருங்கள். நகராமல் இறுகி நிற்கிற மோட்டாரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கோத்தகிரி800 பதில்:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி முதலில் பூட்டுகளைச் சுத்தம் செய்தேன். இடது பின்கதவில் இருந்து வெளிவந்த அழுக்கைப் பார்த்தபோது நீங்கள் சொன்னது புரிந்தது. இப்போது நாலும் காலைக் குளிரிலும் விரல் நுனியில் நகர்கின்றன. ஒரு கதவில் பிளாஸ்டிக் ஷீட்டே இல்லை, புதிதாக வெட்டி ஒட்டப் போகிறேன்.

கிட்டும் வந்துவிட்டது. இரண்டு மோட்டாரில் ஐந்து வயர், இரண்டில் இரண்டே வயர். எது எங்கே? கூட வந்த தாளில் எழுத்து மங்கலாக இருக்கிறது. இன்னொரு விஷயம், திறந்து அரை நிமிடத்தில் கதவைத் திறக்காவிட்டால் தானாகத் திரும்பப் பூட்டிக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது. நல்லதுதானே?

குன்னூர்வயர்மேன் பதில்:

ஐந்து வயர் உள்ளது முன்கதவுகளுக்கு. அதற்குள் மோட்டாரோடு ஒரு ஸ்விட்சும் இருக்கிறது. நீங்கள் சாவியாலோ கையாலோ டிரைவர் கதவைப் பூட்டினால் அந்த ஸ்விட்ச் கன்ட்ரோல் பாக்ஸுக்குச் சொல்லும், மற்ற மூன்றும் கூடவே பூட்டும். இரண்டு வயர் உள்ளது சொன்னதைச் செய்கிற மோட்டார் மட்டும், பின்கதவுக்கு. நிறையக் கிட்டுகளில் நீலமும் பச்சையும் மோட்டாருக்கு, வெள்ளை, பழுப்பு, கறுப்பு மூன்றும் ஸ்விட்சுக்கு. நிறத்தை நம்பி மட்டும் போகாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கதவில் ஏற்றுவதற்கு முன் மேஜையில் வைத்தே சோதியுங்கள். நீலம், பச்சை இரண்டையும் பேட்டரியில் ஒரு நொடி தொட்டால் கம்பி ஓட வேண்டும், மாற்றித் தொட்டால் திரும்ப வேண்டும். தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள், மோட்டார் சூடாகும். ஸ்விட்ச் வயர்களில் மல்டிமீட்டரின் பஸ்ஸரை வைத்துக் கம்பியைக் கையால் தள்ளிப் பாருங்கள். எந்த இரண்டு எப்போது சேர்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தானாகப் பூட்டும் வசதி ஒரு நிபந்தனையோடுதான் நல்லது. கதவு திறந்ததா இல்லையா என்று கன்ட்ரோல் பாக்ஸுக்குத் தெரிய வேண்டும். அதற்கு உள்விளக்கை எரிய வைக்கும் கதவு ஸ்விட்சிலிருந்து ஒரு வயர் கொடுக்க வேண்டும். பழைய வண்டிகளில் பல சமயம் அந்த ஸ்விட்ச் எல்லாக் கதவிலும் இருக்காது, இருந்தாலும் துருப்பிடித்திருக்கும். இந்த வயரை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் ரிமோட்டில் திறக்கிறீர்கள், சாவியை சீட்டில் போடுகிறீர்கள், பின்கதவைத் திறந்து காய்கறி மூட்டையை ஏற்றிச் சாத்துகிறீர்கள். பாக்ஸுக்கு எந்தக் கதவும் திறந்ததாகத் தெரியாது. டக்கென்று நாலும் பூட்டிவிடும், சாவி உள்ளே. ராத்திரி, ரோட்டோரம், அம்மா வெளியே. எதற்காக இந்த வேலையைத் தொடங்கினீர்களோ அதற்கு நேர்மாறு. ஆகவே நாலு கதவுக்கும் ஸ்விட்ச் போட்டு வயர் கொடுங்கள், முடியாவிட்டால் அந்த வசதியையே நிறுத்திவிடுங்கள். ஸ்பேர் சாவி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் தானாகப் பூட்டும் வசதி இருந்தால் அதையும் நான் இணைப்பதில்லை. வளைவில் ஏதாவது நேர்ந்தால் வெளியே இருக்கிறவர் கதவைத் திறக்க முடிய வேண்டும். இது என் கருத்து, உங்கள் விருப்பம்.

கூடலூர்ஆம்னி பதில்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மாருதி ஆம்னி. தள்ளுகதவுக்கு வயர் எப்படிக் கொண்டுபோவது? கதவு முழு நீளத்துக்கும் பின்னால் ஓடுகிறதே. எங்கள் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது, அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

குன்னூர்வயர்மேன் பதில்:

தள்ளுகதவுக்கு வயர் ஓடாது. தூணில் ஸ்பிரிங் வைத்த பித்தளை முனைகள், கதவு விளிம்பில் தட்டையான தகடு என்று ஒரு ஜோடி கிடைக்கும். கதவு மூடியிருக்கும்போது மட்டும் இரண்டும் தொட்டுக்கொண்டு கரன்ட் பாயும். பூட்டுவதற்கு அது போதும். ஆனால் உங்கள் ஊர் மழையில் அந்த முனைகளில் களிம்பும் அழுக்கும் சீக்கிரம் பிடிக்கும், மாதம் ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கும். கதவு கொஞ்சம் விலகி நின்றாலும் தொடாது. என்னைக் கேட்டால் முன்கதவு இரண்டுக்கும் மட்டும் போட்டுவிட்டுத் தள்ளுகதவைக் கையால் பூட்டிக்கொள்ளுங்கள் என்பேன். மழைக்கு முன் என்றால் இப்போதே தொடங்குங்கள். கோத்தகிரித் தம்பிக்கு அக்டோபர் வரை அவகாசம் உண்டு, எங்கள் பக்கம் பெரிய மழை அப்போதுதான்.

ஊட்டிடாக்ஸி பதில்:

வயர்மேன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். ஷீட் இல்லை, பூட்டில் கிரீஸ் கட்டியாக இருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் மாற்றிவிட்டேன். குளிர் வரட்டும், சொல்கிறேன். கோத்தகிரி நண்பரே, நான் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், செய்யுங்கள்.

கோத்தகிரி800 பதில்:

நாலு கதவும் மாட்டியாகிவிட்டது. ரிமோட்டில் வேலை செய்கிறது. அம்மா படியேறி வரும்போதே கீழிருந்து அழுத்திவிட முடிகிறது. இரண்டு சின்னப் பிரச்சினை. வலது பின்கதவு மட்டும் மற்ற மூன்றும் பூட்டும்போது திறக்கிறது. இன்னொன்று, டிரைவர் கதவைச் சாவியால் பூட்டும்போது சில சமயம் எல்லாக் கதவும் டக் டக் டக் என்று பூட்டித் திறந்து பூட்டித் திறந்து அடித்துக்கொள்கின்றன. ரிமோட்டில் அப்படி இல்லை.

குன்னூர்வயர்மேன் பதில்:

முதலாவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு மோட்டாரில் மட்டும் நீலத்தையும் பச்சையையும் மாற்றிக் கொடுங்கள்.

இரண்டாவதற்கு டிரைவர் கதவின் பேடைத் திறக்க வேண்டும். அந்த மோட்டாருக்குள் இருக்கும் ஸ்விட்ச் முழுதாகத் திரும்பாமல் நடுவில் ஊசலாடுகிறது, அதனால் பாக்ஸுக்குப் பூட்டு என்றும் திற என்றும் மாறி மாறித் தகவல் போகிறது. காரணம் மோட்டார் கம்பியையும் பூட்டுக் கம்பியையும் சேர்க்கும் அந்த இரண்டு ஸ்க்ரூ கிளாம்ப். அது வழுக்கினாலும் இப்படி ஆகும், சேர்த்த இடம் சரியில்லாவிட்டாலும் ஆகும். கிளாம்பைத் தளர்த்துங்கள். பூட்டைப் பூட்டிய நிலையில் வைத்து, மோட்டார் கம்பியைப் பூட்டும் பக்கம் கடைசி வரை தள்ளி, அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் மட்டும் பின்னால் விட்டு இறுக்குங்கள். பிறகு திறந்த நிலையில் மறுமுனை வரை போகிறதா என்று கையால் பாருங்கள். இரண்டு பக்கமும் ஸ்விட்ச் 'க்ளிக்' என்று விழுவது காதில் கேட்க வேண்டும். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் கம்பியை அரத்தால் லேசாகத் தட்டையாக்கினால் பிறகு வழுக்காது.

பேடை மாட்டும் முன் கண்ணாடியை ஒரு தடவை முழுக்க இறக்கி ஏற்றிவிடுங்கள். ஷீட்டின் கீழ் ஓரம் உள்ளே மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோத்தகிரி800 பதில்:

இரண்டும் சரியாகிவிட்டது அண்ணா. கிளாம்ப்தான் வழுக்கியிருந்தது. ரிசீவர் கரன்ட் அளந்தேன், 12 மில்லி ஆம்பியர். கதவு ஸ்விட்ச் முன்னால் இரண்டு நன்றாக இருக்கின்றன, பின்னால் இரண்டும் வாங்க வேண்டும். அது வரும் வரை தானாகப் பூட்டும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.